அறுந்த இணைப்பும் ஓர் அளவீடுதான்

மாணவர்களே, நீங்கள் எழுதிய நிரல் இரவு முழுவதும் ஓடி வெப்பநிலைத் தரவைச் சேகரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் வைஃபை இல்லை. காலையில் அட்டவணையைத் திறந்து பார்க்கிறீர்கள். அந்த இரண்டு மணி நேரத்துக்குரிய கட்டங்களில் என்ன இருக்க வேண்டும்? பூஜ்யமா? அதற்கு முன் கிடைத்த மதிப்பா? அல்லது ஒன்றுமே இல்லாத காலிக் கட்டமா?

சின்னக் கேள்விதான். ஆனாலும் பள்ளித் திட்டப்பணியைத் தொடங்கும்போதே இதைக் கேட்டுக்கொள்பவர்கள் குறைவு. வரைபடத்தின் நிறம், படைப்பின் வடிவம், முடிவுரையின் சொற்கள் எல்லாவற்றையும் யோசிக்கிறோம். தரவு வரும் வழி அறுந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிப்பதில்லை. அறுந்துபோகும்போது பிழைச்செய்தி திரையில் சிவப்பாக வந்து நிற்கிறது. அதை எப்படியாவது காணாமல் போகச் செய்தால் போதும் என்று தோன்றுகிறது.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. தரவுத்தளத்துடனோ இணையத்துடனோ உள்ள இணைப்பு அறுவது அன்றாடம் நடக்கக்கூடியதுதான். அதை மறைக்கும் நிரல், பாதியில் நின்றுபோகும் நிரலைவிட ஆபத்தானது. இணைப்பு எப்போது, எங்கே, எதனால் அறுந்தது என்பதை வெப்பநிலையைப் போலவே ஓர் அளவீடாகப் பதிவு செய்ய வேண்டும். ஆசிரியர்களாகிய நாங்கள் அந்தப் பதிவுக்கு மதிப்பெண்ணும் தர வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

வட்டப் பாதையில் ஒரு மர்மம்

லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால், ஒரு பக்கம் டோபி காட், மறுபக்கம் சிராங்கூன். இரண்டு இடங்களிலும் வட்டப் பாதைக்கு மாறலாம். அந்த வட்டப் பாதையில் 2016 ஆகஸ்ட் மாத இறுதியிலும், மறுபடியும் நவம்பர் மாதத் தொடக்கத்திலும் ஒரு விசித்திரம் நடந்தது. ரயில்கள் காரணமே தெரியாமல் திடீர் திடீரென்று அவசர பிரேக் போட்டு நின்றன.

வட்டப் பாதை ரயில்களுக்கு ஓட்டுநர் கிடையாது. ரயிலுக்கும் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் இடையே சமிக்ஞைத் தொடர்பு இருந்துகொண்டே இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் உடனே நிற்க வேண்டும் என்பது அதில் எழுதப்பட்ட விதி. முன்னால் இன்னொரு ரயில் இருக்கிறதா என்று தெரியாதபோது, “இருக்காது” என்று நினைத்துக்கொண்டு ஓடுவதைவிட நிற்பதுதான் பாதுகாப்பு. இந்த விதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

தொடர்பு ஏன் அறுகிறது என்பதுதான் மர்மம். எந்த ரயில், எந்த நேரம், எந்த இடம் என்று தனித்தனியாக வரைபடம் போட்டுப் பார்த்தால் ஓர் ஒழுங்கும் தெரியவில்லை. எல்லா நேரத்திலும் நடந்தது, பல இடங்களில் நடந்தது, பல ரயில்களுக்கும் நடந்தது. கவ்டெக் எனப்படும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு அறிவியலாளர்கள் அந்தப் பதிவுகளைப் பைத்தான் நிரல்மொழியில் ஏற்றினார்கள். ஓர் அச்சில் நேரம், மற்றோர் அச்சில் நிலையங்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு புள்ளியாக வைத்தபோது ஓர் ஒழுங்கு கண்ணில் பட்டது. ஒரு ரயில் நின்ற சற்று நேரத்துக்குள், அடுத்த இடத்தில் இன்னொரு ரயில் நிற்கிறது. புள்ளிகளைச் சேர்த்தால் சாய்ந்த கோடுகள் கிடைக்கின்றன. எதிர்த்திசையில் போகும் ஏதோ ஒரு ரயில், தான் கடந்துபோகும் ரயில்களின் தொடர்பையெல்லாம் கெடுத்துக்கொண்டே போவதுபோல் இருந்தது.

நிலையங்களின் காணொளிப் பதிவுகளோடு ஒப்பிட்டுத் தேடியதில் பிவி46 என்ற ரயில் சிக்கியது. அவர்களிடம் இருந்த 259 சம்பவங்களில் 189 சம்பவங்களை, அதாவது 73 விழுக்காட்டை, இந்த ஒரே கருதுகோளால் விளக்க முடிந்தது. பிறகு அந்த ரயிலை ஓட்டிச் சோதித்தபோது சந்தேகம் உறுதியானது. அதன் சமிக்ஞைக் கருவியில் கோளாறு இருந்தது.

தரவு அறிவியலின் வெற்றி என்று இந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதற்கு முன்பே ஒரு வேலை ஒழுங்காக நடந்திருந்தது. தொடர்பு அறுந்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், இடம், ரயில், செல்லும் திசை எல்லாம் பதிவாகியிருந்தன. “இன்று சில ரயில்கள் நின்றன” என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த அறிவியலாளராலும் பிவி46ஐக் கண்டுபிடித்திருக்க முடியாது. அங்கே ஆராயப்பட்ட தரவு முழுவதும் பிழைகளின் பட்டியல்தான்.

பூஜ்யம் வேறு, இல்லை என்பது வேறு

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். தேக்கா பகுதியில் ஓர் உணர்கருவி, புக்கிட் தீமா மரங்களுக்கு இடையே இன்னொன்று. நகரக் கட்டடங்கள் வெப்பத்தைத் தேக்கிவைப்பதை அளப்பது உங்கள் திட்டப்பணி. பைத்தான் நிரல் மணிக்கு ஒரு முறை இரண்டு கருவிகளிலிருந்தும் வெப்பநிலையை வாங்கித் தரவுத்தளத்தில் எழுதுகிறது.

தேக்காவில் ஒரு நாளின் 24 அளவீடுகளில் 22 கிடைத்தன. அவற்றின் சராசரி 28 டிகிரி செல்சியஸ். கிடைக்காத இரண்டு இடங்களில் நிரல் பூஜ்யத்தை எழுதிவிட்டது. இப்போது சராசரியைக் கணக்கிடுங்கள். 22ஐ 28ஆல் பெருக்கினால் 616. அதை 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 25.7. ஒரே நாளில் தேக்கா 2.3 டிகிரி குளிர்ந்துவிட்டது! சிராங்கூன் சாலையில் நடந்தவர் யாரும் அதை உணர்ந்திருக்க மாட்டார்கள். ஆனால் உங்கள் முடிவுரை “நகரப் பகுதி அவ்வளவு வெப்பமாக இல்லை” என்று சொல்லும்.

வெப்பநிலையில் பூஜ்யம் வந்தால் சிங்கப்பூரில் அது சாத்தியமில்லை என்று கண்டுபிடித்துவிடலாம். மழையில் என்ன செய்வீர்கள்? தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மழை அளவுகள் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிடைக்கின்றன. மணிக்கு 12, நாளுக்கு 288 அளவீடுகள். மழையில் பூஜ்யம் என்பது மிகச் சாதாரணமான மதிப்பு. நம் ஊரில் ஒரு மதிய இடிமழை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அந்த ஒரு மணி நேரம் உங்கள் இணைப்பு அறுந்து, 12 கட்டங்களிலும் பூஜ்யம் விழுந்தால், பெருமழை பெய்த நாள் வறண்ட நாளாகிவிடும். பார்ப்பவர் யாருக்கும் சந்தேகம் வராது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கருவியின் மின்சாரத்தையோ கம்பியில்லாத் தொடர்பையோ அறுத்தது அந்த இடிமழையாகவே இருக்கலாம். அப்படியானால் தரவு கண்டபடி விடுபடவில்லை. எதை அளக்க வந்தோமோ, அது உச்சத்தில் இருக்கும்போது பார்த்து விடுபடுகிறது. இணைப்பு அறுந்த நேரங்களைப் பதிந்து வைத்திருந்தால், அவற்றை மழை நேரங்களோடு ஒப்பிட்டு இதைக் கண்டுபிடிக்கலாம். பதியாமல் விட்டால் வாய்ப்பே இல்லை.

தரவுத்தளங்களில் இதற்கென்றே ‘நல்’ என்ற ஒரு குறி இருக்கிறது. மதிப்பு இல்லை என்பது அதன் பொருள். சராசரியைக் கேட்டால் எஸ்கியூஎல் மொழி ‘நல்’ உள்ள கட்டங்களை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் கணக்கில் எடுக்கும். நம் எடுத்துக்காட்டில் சராசரி 28ஆகவே இருந்திருக்கும். 24இல் இரண்டு கிடைக்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும்.

பைத்தானில் ‘டிரை’, ‘எக்செப்ட்’ என்ற இரண்டு கட்டளைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். முயன்று பார், பிழை வந்தால் இதைச் செய் என்று அவை சொல்கின்றன. அந்த ‘எக்செப்ட்’டுக்குக் கீழே ‘பாஸ்’ என்று ஒரே சொல்லை எழுதினால், எந்தப் பிழை வந்தாலும் நிரல் வாயைத் திறக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடும். சிவப்பு எழுத்து மறைந்துவிடும், பிழை அப்படியே இருக்கும். வட்டப் பாதை ரயில் இப்படி எழுதப்பட்டிருந்தால் தொடர்பு அறுந்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். அந்த ரயிலில் நீங்கள் ஏறுவீர்களா?

திரும்ப முயல்வதற்கும் கணக்கு உண்டு

“சரி, மறைக்கவில்லை. கிடைக்கும் வரை திரும்பத் திரும்ப முயலும்படி எழுதிவிடுகிறேன்” என்று சிலர் சொல்வீர்கள். விடாமுயற்சி நல்ல குணம்தான். ஆனால் எல்லாப் பிழைக்கும் அது மருந்து ஆகாது.

இணைப்புப் பிழைகளை முதலில் இரண்டாகப் பிரியுங்கள். சர்வர் வேலைப்பளுவில் இருக்கிறது, வைஃபை ஒரு கணம் போய்விட்டது என்பவை தற்காலிகமானவை. காத்திருந்து முயன்றால் கிடைக்கும். இணையத்தில் 503 என்ற எண் வந்தால் பெரும்பாலும் இந்த வகை. கடவுச்சொல் தவறு, முகவரி தவறு என்பவை எத்தனை முறை முயன்றாலும் தீராதவை. 401, 404 என்ற எண்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. தவறான கடவுச்சொல்லை நூறு முறை அனுப்பினால் கணக்கே முடக்கப்படலாம். இங்கே நிரல் உடனே நின்று, காரணத்தைச் சொல்ல வேண்டும்.

தற்காலிகப் பிழையிலும் அவசரம் கூடாது. தீபாவளிக்கு முதல் நாள் ஓர் இனிப்புக் கடைக்கு எல்லாரும் தொலைபேசியில் அழைக்கிறார்கள். தொடர்பு கிடைக்காத எல்லாரும் அடுத்த நொடியே மறுபடி அழைத்தால் யாருக்கும் கிடைக்காது. தரவுத்தளத்துக்கும் இதே நிலைதான். பலரும் பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், நாம் மாற்றாத வரை, ஒரே நேரத்தில் 151 இணைப்புகளை ஏற்கும். போஸ்ட்கிரஸ் பொதுவாக 100. அதற்கு மேல் வருபவர்களுக்குப் பிழைச்செய்திதான். 40 மாணவர்களின் நிரல்கள் ஆளுக்கு நான்கு இணைப்பைத் திறந்து மூடாமல் விட்டாலே 160 ஆகிவிடுகிறது.

இதற்கான தீர்வு கணினி வலைப்பின்னலின் தொடக்க காலத்திலேயே கிடைத்துவிட்டது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் அலோஹாநெட் என்ற வானொலி வலைப்பின்னலை இயக்கினார்கள். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் செய்திகள் மோதிக் கெட்டுவிடும். அப்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் காத்திருந்து திரும்ப அனுப்பும். அந்தக் காத்திருக்கும் நேரம் குலுக்கல்போல் முடிவாகும். 1973இல் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் உருவாக்கத் தொடங்கிய ஈதர்நெட், இந்த எண்ணத்தை மேலும் வளர்த்தது. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் காத்திருக்கும் நேரத்தின் எல்லை இரட்டிப்பாகும். பத்தாவது முறைக்குப் பிறகு இரட்டிப்பாவது நிற்கும். 16 முறை முயன்றும் முடியாவிட்டால் முயற்சியைக் கைவிட்டு, “முடியவில்லை” என்று மேலே தெரிவிக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் அதன் விதியிலேயே இருக்கிறது.

உங்கள் நிரலுக்கும் இது பொருந்தும். முதல் தோல்விக்குப் பிறகு 1 விநாடி காத்திருங்கள். பிறகு 2, 4, 8, 16. மொத்தம் 31 விநாடி. ஒவ்வொன்றோடும் ஒரு சிறு தற்செயல் நேரத்தைச் சேர்த்துக்கொண்டால், வகுப்பில் எல்லாருடைய நிரலும் ஒரே கணத்தில் போய் மோதாது. ஐந்தாவது மறுமுயற்சியும் தோற்றால் ‘நல்’ என்று எழுதுங்கள், காரணத்தைப் பதியுங்கள், அடுத்த அளவீட்டுக்குப் போங்கள். ஒரு முயற்சிக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். இணையத் தரவைப் பெறப் பைத்தானில் பலரும் பயன்படுத்தும் ‘ரிக்வெஸ்ட்ஸ்’ தொகுப்பு, நேர வரம்பு கொடுக்காவிட்டால், பதில் வராத சர்வருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். திரையில் பிழையும் வராது, தரவும் வராது.

பாதியில் அறுந்தால்

கல்யாண வீட்டில் மொய் எழுதுபவரை நினைத்துப் பாருங்கள். பெயரை எழுதிவிட்டார், தொகையை எழுதுவதற்குள் யாரோ கூப்பிட எழுந்து போய்விட்டார். திரும்பி வந்தவர் அந்த வரியை விட்டுவிட்டால் மொய் வைத்தவருக்கு வருத்தம். மறுபடி முதலிலிருந்து எழுதினால் ஒருவர் பெயரே இரண்டு முறை வந்துவிடும். பாதியில் நின்ற வேலையைத் தொடர்வதுதான் எப்போதும் சிக்கல்.

தரவுத்தளங்கள் இதற்கு இரண்டு உதவிகள் தருகின்றன. ஒன்று டிரான்ஸாக்‌ஷன். நூறு வரிகளை ஒரு கட்டாக அனுப்பினால், நூறும் பதிந்த பிறகே ‘கமிட்’ ஆகும். நடுவில் அறுந்தால் ஒன்றுகூடப் பதியாமல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டாவது பிரைமரி கீ. நிலையத்தின் பெயரையும் நேரத்தையும் சேர்த்து ஓர் அடையாளமாக வைத்தால், அதே அடையாளத்தில் இரண்டாவது வரி வரும்போது தரவுத்தளம் மறுத்துவிடும். இவை இரண்டும் இருந்தால், அறுந்த நிரலை அச்சமின்றித் திரும்ப ஓட்டலாம். எதுவும் குறையாது, எதுவும் இரட்டிக்காது.

கடைசியில் ஓர் எண்ணிக்கைச் சோதனையும் வேண்டும். எத்தனை வரிகள் வர வேண்டும், எத்தனை வந்தன? இந்த எளிய கேள்விக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இங்கிலாந்து 2020இல் தெரிந்துகொண்டது. கொவிட் தொற்று உறுதியானவர்களின் பட்டியலைச் சேர்க்கும்போது பழைய வகை எக்செல் கோப்பு ஒன்று பயன்பட்டது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. இடம் போதாமல் விடுபட்டவை பற்றி எச்சரிக்கை எதுவும் எழவில்லை. செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடையில் 15,841 பேருடைய விவரம் அன்றாடக் கணக்கில் சேராமல் போனது. அவர்களுடன் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. அங்கே அறுந்தது இணைய இணைப்பு அன்று. ஆனால் நோய் ஒன்றுதான்: தரவு விடுபட்டது, நிரல் பேசாமல் இருந்தது.

வைஃபையை நீங்களே துண்டியுங்கள்

“இது பள்ளித் திட்டப்பணிதானே, இரண்டு மணி நேரத் தரவு போனால் என்ன?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இரண்டு மணி நேரத் தரவு போனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. போனதே தெரியாமல் முடிவெடுப்பதுதான் தவறு. அந்தப் பழக்கத்தைப் பதினைந்து வயதில் கற்றுக்கொண்டால் முப்பது வயதிலும் அது கூடவே வரும். அப்போது உங்கள் கையில் இருப்பது மருத்துவமனையின் தரவாகவோ ரயில் தரவாகவோ இருக்கலாம்.

பெரிய அமைப்புகளும் இதிலிருந்து தப்புவதில்லை. 2023 அக்டோபர் 14ஆம் தேதி ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதானதால் டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவைகள் தடைபட்டன. இரண்டு வங்கிகளுக்கும் மாற்றுத் தரவு மையங்கள் இருந்தன. ஆனால் தொழில்நுட்பச் சிக்கல்களால் அவற்றுக்கு முழுமையாக உடனே மாற முடியவில்லை. ஏறத்தாழ 2.5 மில்லியன் பரிவர்த்தனைகள் நிறைவேறாமல் போயின. மாற்று வழி இருப்பது ஒன்று, அது தேவைப்படும் நேரத்தில் வேலை செய்வது இன்னொன்று.

ஆகவே, உங்கள் நிரல் எல்லாம் சரியாக இருக்கும்போது ஓடுகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது வைஃபையைத் துண்டியுங்கள். கடவுச்சொல்லில் ஓர் எழுத்தை மாற்றுங்கள். பாதியில் நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அட்டவணையில் என்ன விழுகிறது என்று எழுதி வையுங்கள். வேதியியல் சோதனையில் கட்டுப்பாட்டுக் குழாய் வைப்பதுபோல இதுவும் சோதனையின் ஒரு பகுதிதான்.

திட்டப்பணி அறிக்கையில் ஒரு சிறு அட்டவணையும் சேருங்கள். எதிர்பார்த்த அளவீடுகள் எத்தனை, கிடைத்தவை எத்தனை, இணைப்பு அறுந்த தேதியும் நேரமும், வந்த பிழைச்செய்தி, எத்தனை முறை முயன்றீர்கள் என்ற ஐந்து விவரங்கள் போதும். பிழைப் பதிவில் கடவுச்சொல் மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுபடலே இல்லாத அட்டவணையைப் பார்த்தால் பாராட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்போம்: “ஒரு முறைகூட இணைப்பு அறுந்ததில்லையா?” நூறு அளவீட்டில் எட்டு கிடைக்கவில்லை என்று காரணத்தோடு எழுதிய மாணவருக்கு, நூறும் இருப்பதாகக் காட்டியவரைவிடக் குறைந்த மதிப்பெண் விழக் கூடாது. குறைத்தால், மறைப்பதையே நாம் கற்றுக்கொடுக்கிறோம்.

அறிவியலில் “தெரியவில்லை” என்பதும் மதிப்புள்ள பதில். உங்கள் நிரலுக்கும் அதைச் சொல்லக் கற்றுக்கொடுங்கள்.